வேலூர்ல ஒரு சின்ன ஆர்ட் கேலரி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

கொசப்பேட்டைல ஒரு பழைய வீட்டு மாடில நம்ம கேலரி இருக்கு. வர்றவங்க, போன் பண்றவங்க, வாட்ஸப்ல எழுதறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேள்விங்கதான் கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெக்கறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், உங்களுக்கு வேண்டிய கேள்விய மட்டும் பாத்தா போதும்.

உள்ள வர டிக்கெட் எவ்ளோ?

டிக்கெட் கெடையாது. எதுவும் வாங்கணும்னும் இல்ல, பேர் எழுதிட்டு போகணும்னும் இல்ல. கடைக்கு வந்தவங்க பையோட ஏறி வரலாம், ஸ்கூல் விட்டு வர்ற பசங்க யூனிபார்மோட வரலாம், கொழந்தை அழுதா அழட்டும். போட்டோ எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க. செருப்பு கழட்ட வேணாம்.

வந்து பாத்தேன், ஒண்ணும் புரியல. என்ன மாதிரி ஆளுங்களுக்கு இது ஒத்து வருமா?

இதத்தான் நெறைய பேர் தயங்கித் தயங்கி கேக்கறாங்க. புரியலன்னா புரியலன்னே சொல்லுங்க, அங்க உக்காந்திருக்கறவங்க கிட்ட கேளுங்க, அதுக்குத்தான் ஒரு ஆள் எப்பவும் இருப்பாங்க. ஒவ்வொரு படத்துக்கு பக்கத்துலயும் வரைஞ்சவங்களே அவங்க பேச்சுத் தமிழ்ல நாலு வரி எழுதி வெச்சிருப்பாங்க, எதுல பண்ணது, ஏன் பண்ணாங்கன்னு. சனிக்கிழமை சாயங்காலம் அவங்களே வந்து நிப்பாங்க, நேராவே கேட்டுக்கலாம்.

ஒரு விஷயம் சொல்றேன். ஆம்பூர்ல ஷூ கம்பெனிங்க வெட்டி வீசற துண்டுத் தோல எடுத்து தச்சு ஒருத்தர் பெரிய திரை மாதிரி ஒண்ணு பண்ணி மாட்டியிருந்தாரு. ஆர்ட் படிச்சவங்க வந்து கலர் நல்லாருக்கு, காம்போசிஷன் நல்லாருக்குன்னு சொல்லிட்டு போனாங்க. பேர்ணாம்பட்டுல ஷூவுக்கு மேல்தோல் தைக்கற அக்கா ஒருத்தவங்க வந்தாங்க, முன்பக்கத்த கொஞ்ச நேரம்தான் பாத்தாங்க, நேரா ஓரத்த பிரிச்சு பின்பக்கம் பாத்துட்டு "இது கைத்தையல், நூலுக்கு மெழுகு போடல, மடிக்கற எடத்துல சீக்கிரம் அறுந்துடும்"னு சொன்னாங்க. அத பண்ணவரு அங்கயே உக்காந்து அவங்க கிட்ட கேட்டு அந்த ஓரத்த திரும்பவும் தச்சாரு. அந்த வேலைய அவங்க அளவுக்கு யாரும் பாக்கல. கலை தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு நீங்களா ஒரு கோடு போட்டுக்காதீங்க, உங்க கைக்கு தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு கண்டிப்பா அந்த அறைல இருக்கும்.

என் படங்கள அங்க மாட்டணும். எவ்ளோ பணம் கட்டணும்?

ஒரு பைசா கட்ட வேணாம். இத கொஞ்சம் அழுத்தியே சொல்றோம், ஏன்னா இந்த கேள்விய கேக்கறவங்க பாதி பேர் வேற எங்கயோ ஏற்கனவே பணம் கட்டிட்டு வந்தவங்க. "தேசிய அளவு கண்காட்சி, ஒரு படத்துக்கு இவ்ளோ கட்டுங்க, சர்டிபிகேட் ஷீல்டு உண்டு"ன்னு மெசேஜ் வரும், பசங்க அம்மா கிட்ட காசு வாங்கி கட்டுவாங்க, படம் எங்கயோ ஒரு ஹால்ல ஒரு மூலைல ரெண்டு நாள் தொங்கும், யாரும் பாக்க மாட்டாங்க, சில சமயம் படமே திரும்பி வராது. வரையறவங்க கிட்ட காசு வாங்கி ஓடற எடத்துக்கு அந்த படம் விக்கணும், நாலு பேர் பாக்கணும்ங்கற அவசியமே கெடையாது, ஏன்னா அவங்களுக்கு வரவேண்டிய பணம் முன்னாடியே வந்துடுச்சு.

நாங்க தலைகீழா பண்றோம். நம்ம கிட்ட ஷோ வெக்கறவங்களுக்கு நாமதான் ஒரு தொகை தர்றோம், பெரிய தொகை இல்ல, ஆனா கலர், கேன்வாஸ், வேன் வாடகை இதுக்கெல்லாம் அவங்க கடன் வாங்காத அளவுக்கு இருக்கும். ஃபிரேமும் நம்ம செலவு. அழைப்பிதழ் அடிக்கறது, மாட்டறது, லைட் போடறது எல்லாம் நம்ம வேலை.

எனக்கு ஆர்ட் காலேஜ் படிப்பு இல்ல. பரவால்லயா?

பரவால்ல. படிச்சிருந்தாலும் சந்தோஷம், படிக்கலன்னாலும் சந்தோஷம். வருஷத்துக்கு ரெண்டு தடவ படங்கள கேட்டு வாங்கறோம், தை முடிஞ்சு ஒரு தடவ, ஆடி முடிஞ்சு ஒரு தடவ. பாக்கறது மூணு பேர், அதுல ஒருத்தர் எப்பவும் வெளியூர் கலைஞரா இருப்பாரு, ஒவ்வொரு தடவையும் ஆள் மாறும். பழைய வடாற்காடு மாவட்டம் முழுக்க, அதாவது இப்போதைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை இந்த நாலு மாவட்டத்துல பொறந்தவங்களோ இருக்கறவங்களோ யார் வேணும்னாலும் அனுப்பலாம், வயசு வரம்பு இல்ல.

கூகுள்ல இருந்து ஒரு நடிகர் போட்டோ எடுத்து அப்படியே பென்சில்ல வரையறத நெறைய பேர் அனுப்பறாங்க. கை நல்லா ஓடுதுன்னு அதுல தெரியும், ஆனா ஷோவுக்கு எடுக்க மாட்டோம். உங்க தெருவ, உங்க வீட்டு ஆளுங்கள, உங்க மனசுல ஓடற ஒண்ண வரைஞ்சு அனுப்புங்க, கோடு கோணலா இருந்தாலும் சரி. எடுக்கலன்னாலும் ஏன் எடுக்கலன்னு போன்ல சொல்லுவோம், பதிலே இல்லாம விட மாட்டோம்.

என்னென்ன அனுப்பணும்?

பத்து படத்தோட போட்டோ, ஒவ்வொண்ணுக்கும் அளவு, என்ன மீடியம் (அதாவது எதுல வரைஞ்சது), எந்த வருஷம், அப்புறம் உங்கள பத்தி ஒரு பக்கம். தமிழ்லயே எழுதுங்க. எழுத வரலன்னா வாய்ஸ் மெசேஜ் போதும், நாங்க கேட்டு எழுதிக்கறோம், கையெழுத்து போடற முன்னாடி உங்களுக்கு படிச்சும் காட்டுவோம்.

போட்டோ எடுக்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. நேர் வெயில்ல வெக்காதீங்க, டியூப்லைட் கீழயும் வேணாம், காலைல ஒம்பது பத்து மணி வாக்குல வாசல் நிழல்ல, திண்ணைல சாய்ச்சு வெச்சு, செல்போன படத்துக்கு நேரா பிடிச்சு எடுங்க. கண்ணாடி போட்டிருந்தா கழட்டிடுங்க. பியூட்டி ஃபில்டர் வேணவே வேணாம், கலர் மாறிடும்.

படம் வித்தா எனக்கு எவ்ளோ வரும்?

வித்த வெலைல 70 சதவீதம் உங்களுக்கு, 30 சதவீதம் கேலரிக்கு. பெரிய ஊர் கேலரிங்கள்ல பாதிக்கு பாதி எடுக்கறது சாதாரணம், அவங்களுக்கு வாடகையும் அந்த அளவுக்கு இருக்கு. வாங்கறவங்க பணம் குடுத்த பதினஞ்சு நாளுக்குள்ள உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துடும், யாரு வாங்கினாங்கன்னும் அவங்க சம்மதத்தோட சொல்லுவோம்.

ஜிஎஸ்டி பத்தி பயந்துட்டு கேக்கறாங்க. கையால வரைஞ்ச ஓவியத்துக்கு முன்ன 12 சதவீதம் இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதமா கொறைச்சிட்டாங்க. தமிழ்நாட்டுக்குள்ளயே வித்துட்டு வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள்ள இருக்கறவங்க ஜிஎஸ்டி எடுக்க வேண்டிய கட்டாயமே இல்ல. நம்ம ஊர்ல வரையறவங்க அநேகமா எல்லாருமே இதுக்குள்ளதான் வருவாங்க, அதனால அந்த பயத்த விட்டுடுங்க.

வெல எப்படி வெக்கறது? எனக்கு கூச்சமா இருக்கு.

கூச்சப்பட்டு ஐநூறு ரூபாய்னு எழுதிடறாங்க, ஃபிரேம் செலவே அதுக்கு மேல வரும். ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு நாங்க சொல்றது சதுர அங்குலக் கணக்கு. 18க்கு 24 அங்குலம்னா 432 சதுர அங்குலம், அங்குலத்துக்கு 15 ரூபாய்னு வெச்சா 6,480, அதுக்கு மேல ஃபிரேம் செலவு தனி. ஒரே அளவு படத்துல பிடிச்சத ஒரு வெல பிடிக்காதத ஒரு வெலன்னு வெக்காதீங்க, வாங்கறவங்களுக்கு கொழப்பம் வரும். இங்க ஒரு வெல, இன்ஸ்டாகிராம்ல அதுல பாதி வெலன்னும் வேணாம். ஒரு தடவ ஏத்தின வெலய எறக்காதீங்க, அதனால மெதுவாவே ஏத்துங்க.

தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க "எனக்கு ஒண்ணு வரைஞ்சு குடேன்"னு கேப்பாங்க, அது உங்க வீட்டு விஷயம், நாங்க தலையிட மாட்டோம். ஆனா கடைக்காரரோ ஸ்கூலோ ஆஸ்பத்திரியோ "விளம்பரம் கெடைக்கும்ல, ஃப்ரீயா பண்ணிக் குடு"ன்னா எங்க நம்பர குடுங்க, நாங்க பேசிக்கறோம்.

படத்த வித்துட்டா அதோட காபிரைட்டும் போயிடுமா?

போகாது. 1957ஆம் வருஷ காபிரைட் சட்டப்படி வாங்கறவங்களுக்கு போறது அந்த படம் மட்டும்தான். அத காலண்டர்லயோ புடவைலயோ புத்தக அட்டைலயோ அச்சடிக்கற உரிமை உங்க கிட்டதான் இருக்கும், எழுத்துல நீங்க கையெழுத்து போட்டுக் குடுத்தாதான் மாறும். உங்க காலம் முழுக்கவும், அதுக்கப்புறம் 60 வருஷமும் அது நிக்கும், உங்க பிள்ளைங்களுக்கு சேரும்.

ஆனா ஒரு எடத்துல ஜாக்கிரதையா இருக்கணும். பணம் வாங்கிட்டு ஒருத்தர் கேட்டபடி வரைஞ்சு குடுக்கற ஓவியம், போர்ட்ரெய்ட் இதுக்கெல்லாம் வேற மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கலன்னா சட்டப்படி மொத உரிமை வரையச் சொன்னவங்களுக்குத்தான். இது நெறைய பேருக்கு தெரியல. நம்ம ஆளுங்க வாய்ப்பேச்சுலயே அட்வான்ஸ் வாங்கிட்டு வரைஞ்சு குடுத்துடறாங்க, அப்புறம் அதே படம் கல்யாண மண்டபம் நோட்டீஸ்ல எல்லாம் வரும்போதுதான் மனசு வலிக்குது. அதுக்காகவே தமிழ்ல ஒரு பக்க ஒப்பந்தத் தாள் அடிச்சு வெச்சிருக்கோம், நம்ம கிட்ட ஷோ பண்ணாதவங்களும் வந்து எடுத்துட்டு போகலாம், காசு வேணாம்.

இன்னொண்ணு, படம் வித்த பிறகும் அத சிதைக்கறத எதிர்த்துக் கேக்கற உரிமை வரைஞ்சவங்களுக்கு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவன்ல இருந்த தன்னோட பெரிய சுவர்ச் சிற்பத்த பிச்சு எடுத்து சேதப்படுத்திட்டாங்கன்னு அமர்நாத் சேகல் அரசு மேலயே கேஸ் போட்டாரு, 2005ல டெல்லி ஹைகோர்ட் அவருக்கு சாதகமா தீர்ப்பு சொல்லி 5 லட்சம் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு.

கூத்து ஆடறவங்க, மண்பாண்டம் பண்றவங்க, போர்டு எழுதறவங்க இவங்களும் உங்க கேலரில வருவாங்களா? அது மாடர்ன் ஆர்ட் எடம் ஆச்சே?

வருவாங்க, வந்துக்கிட்டும் இருக்காங்க. சமகாலக் கலைன்னா இன்னிக்கு இருக்கற மனுஷங்க இன்னிக்கு பண்றது, அவ்ளோதான் எங்க கணக்கு.

நம்ம பக்கத்துல பாரதக் கூத்து முடியற அன்னிக்கு திரௌபதி அம்மன் கோயில் திடல்ல படுகளம் பாத்திருப்பீங்க. விடிகாலைலயே மண்ண நனைச்சு கூடை கூடையா கொட்டி துரியோதனன மல்லாக்க படுத்த மாதிரி பண்ணுவாங்க, ஒரு வீடு நீளத்துக்கு வரும், மண்வெட்டியாலயே மார்பும் தொடையும் எழுப்பி, கையால மொகம் வெச்சு, மீசை வெச்சு, கலர் பொடி தூவி, தொடைக்குள்ள செவப்புத் தண்ணிய பதுக்கி வெச்சிருப்பாங்க, பீமன் அடிக்கும்போது அது ஒடைஞ்சு தெறிக்கும். அன்னிக்கே மண்ணோட மண்ணா போயிடும். அத பண்ற கைங்களுக்கு பேரும் இல்ல, போட்டோவும் இல்ல. இப்படி ஒரே நாள்ல அழியறதுக்காகவே பண்ற வேலைக்கு வெளிநாட்டுல மியூசியம் கட்டி புத்தகம் போடறாங்க, நம்ம கிட்ட அது ஒவ்வொரு வருஷமும் பங்குனில இருந்து ஆடி வரைக்கும் ஊர் ஊரா நடக்குது. அதனால படுகளம் பண்ற ஒரு குழுவ கூப்ட்டு அவங்க சொல்ற அளவுகள, வரிசைய, மண்ணு எங்க எடுப்பாங்கங்கறத எழுதி, படம் வரைஞ்சு காட்சிக்கு வெச்சோம். அவங்களுக்கும் மத்த கலைஞருக்கு குடுக்கற அதே தொகைதான், சால்வை போத்தி அனுப்பற வேலை இல்ல.

கூத்து வாத்தியாருங்க கட்டற கிரீடம், புஜக்கட்டை இதெல்லாம் கல்யாண முருங்கை கட்டைல செதுக்கி கண்ணாடித் துண்டு பதிச்சு பண்றது, கனமே இருக்காது, ஏன்னா ராத்திரி முழுக்க தலைல வெச்சு ஆடணும். செய்யாறு பக்கம் புரிசைல கூத்து வாத்தியார் கண்ணப்பத் தம்பிரான் காலத்துலயே நாடகக்காரங்க வெளியூர்ல இருந்து வந்து அங்க கத்துக்கிட்டு போனாங்க. அந்த கட்டைய செதுக்கறவரும் எங்களுக்கு சிற்பிதான். கரிகிரி மண்பாண்ட வேலையும் அப்படித்தான், மண்ணும் மெருகும் சூளைச் சூடும் கைப்பழக்கமா தெரிஞ்சவங்க இருக்கற வரைக்கும் அவங்க கிட்ட இளைய ஆளுங்க உக்காந்து கத்துக்கணும்னு மாசத்துக்கு ஒரு நாள் ஏற்பாடு பண்றோம்.

போர்டு எழுதறவங்க கதை தனி. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கையால எழுதற வேலை அடியோட போச்சு, இருக்கறவங்க இப்ப வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கறாங்க, செக்யூரிட்டி வேலைக்கு போறாங்க. சத்துவாச்சாரில இருந்து ஒரு பெரியவர் வந்தாரு, மொதல் நாள் வாசல்ல நின்னுக்கினு "இன்னாப்பா, நான் எழுதறத இங்க மாட்டுவியா, அதுக்கு எவ்ளோ கேப்ப?"ன்னாரு. உள்ள கூப்ட்டு சுவத்த காட்டினோம். சாக்பொடி தடவின நூல ரெண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லி ஒரு சுண்டு, நேர்கோடு விழுந்துச்சு, ஸ்கேல் தொடவே இல்ல. வலது கை ஆடாம இருக்க ஒரு குச்சிய சுவத்துல சாய்ச்சு அது மேல மணிக்கட்ட வெச்சுக்கினு "வேலூர்"னு எழுதினாரு, வேயோட கொம்பு ஒரே இழுப்பு. கிராஃபிக் டிசைன் படிக்கற பசங்க பத்து பதினஞ்சு பேர் சத்தமே இல்லாம பாத்துட்டு இருந்தாங்க. இப்ப மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை அவருதான் எழுத்து வகுப்பு எடுக்கறாரு, சம்பளத்தோட. அந்த வகுப்புக்கு எப்பவும் எடம் பத்தறதில்ல, முன்னாடியே சொல்லிடுங்க.

கொழந்தைங்களுக்கு வகுப்பு உண்டா? போட்டி வெப்பீங்களா?

வகுப்பு சனி, ஞாயிறு காலைல உண்டு. கட்ட முடிஞ்சவங்க கட்டலாம், முடியாதவங்க சொன்னா போதும், காரணம் கேக்க மாட்டோம். பேப்பர், கலர் இங்கயே இருக்கும்.

போட்டி வெக்கறதில்ல, பரிசும் இல்ல. ரெண்டு மல நடுவுல சூரியன், ஒரு வீடு, ஒரு தென்ன மரம் இத எல்லா கொழந்தையும் ஒரே மாதிரி போடறதுக்கு காரணமே போட்டிதான்னு நெனைக்கறோம், மார்க் வாங்கற படம் எதுன்னு அதுங்களுக்கு தெரிஞ்சுடுது. நாங்க வெளிய கூட்டிட்டு போறோம். கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல ஒரு தூண் எதிர்ல ஒரு மணி நேரம் உக்கார வெப்போம், யாளியோட ஒரு கால் மட்டும் வரைன்னு சொல்லுவோம். அகழி ஓரம் உக்காந்து மதில் நெழல் தண்ணில எப்படி உடையுதுன்னு பாக்கச் சொல்லுவோம். வள்ளிமலைல பாறைல செதுக்கின சமண உருவங்கள பாக்க வருஷத்துக்கு ஒரு தடவ பஸ்ல போவோம், பெரியவங்களும் வரலாம். ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகைல 8ஆம் நூற்றாண்டு சமண ஓவியம் இருக்குன்னு நம்ம மாவட்டத்துலயே பாதி பேருக்கு தெரியாது. சித்தன்னவாசல் பாக்க புதுக்கோட்டை போற நாம பக்கத்துல இருக்கறத விட்டுடறோம். அங்க நெறைய அழிஞ்சுடுச்சு, இருக்கற துண்டுங்கள கிட்ட போய் தொடாம பாக்கணும்ங்கறதும் ஒரு பாடம்தான்.

அரசோட ஜவகர் சிறுவர் மன்றத்துலயும் கொழந்தைங்களுக்கு ஓவியம் சொல்லித் தர்றாங்க, பக்கத்துல இருக்கறவங்க அங்கயும் சேக்கலாம், செலவு ரொம்ப கம்மி.

என் பொண்ணுக்கு ஓவியம்தான் படிக்கணும்னு ஆசை. இத நம்பி எப்படி அனுப்பறது?

இந்த கேள்விய அம்மாங்கதான் அதிகமா கேக்கறாங்க, அவங்க பயம் நியாயமானது. பிளஸ் டூ முடிச்சா சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிலயும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிலயும் நாலு வருஷ பிஎஃப்ஏ, அதாவது கவின் கலைப் பட்டம் படிக்கலாம், வரைஞ்சு காட்டற தேர்வு வெச்சுத்தான் சேப்பாங்க. சென்னை கல்லூரி 1850ல ஆரம்பிச்சது, நாட்டுலயே பழைய கலைக் கல்லூரிங்கள்ல ஒண்ணு. அரசுக் கல்லூரிங்கறதால ஃபீஸ் கம்மிதான். கோயில் சிற்பம், கட்டடக் கலை பக்கம் மனசு போனா மாமல்லபுரம் கல்லூரி இருக்கு. அந்த தேர்வுக்கு ஏப்ரல், மே மாசத்துல நாங்க இலவசமா பயிற்சி குடுக்கறோம், ஸ்டில் லைஃப் (எதிர்ல வெச்ச பொருள பாத்து வரையறது), மனுஷ உருவம், நினைவுல இருந்து வரையறது இந்த மூணும்தான் முக்கியமா பாக்கறது.

படிச்சிட்டு என்ன வேலைன்னா, ஸ்கூல் டிராயிங் டீச்சர், அனிமேஷன், டெக்ஸ்டைல் டிசைன், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், பத்திரிகை, புத்தக ஓவியம்னு பல வழி இருக்கு. படம் மட்டுமே வரைஞ்சு பொழைக்கறது ரொம்ப கஷ்டம், அத மறைச்சு சொல்ல மாட்டோம். சென்னை பக்கத்துல சோழமண்டலத்துல 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் கூட சேந்து கலைஞருங்க ஒரு கிராமமே உருவாக்கினாங்களே, அவங்களும் பாத்திக் (துணில மெழுகு வெச்சு சாயம் போடறது) மாதிரி கைவினைப் பொருள் பண்ணி வித்துதான் நெலம் வாங்கி வீடு கட்டினாங்க, கூடவே படமும் வரைஞ்சாங்க. கைத்தொழில் ஒண்ணு கூட இருக்கறது கொறச்சல் இல்ல.

வகுப்பு எல்லாம் பகல்லதான், சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிஞ்சுடும். அம்மாவோ பாட்டியோ கூட உக்காரணும்னா உக்காரலாம். அப்படி உக்கார வந்த ரெண்டு மூணு அம்மாங்க இப்ப தனியா ஒரு குழுவா வரையறாங்க, அவங்க ஷோ வர்ற மார்கழில வெக்கறோம்.

ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜ்ல தங்கியிருக்கோம். நாங்க வரலாமா? தமிழ் தெரியாது.

கண்டிப்பா வாங்க. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு மேற்கு வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட், வங்கதேசம்னு எங்கிருந்தெல்லாமோ வந்து காந்தி ரோட்டுலயும் பாபு ராவ் தெருவுலயும் வாரக்கணக்குல, மாசக்கணக்குல தங்கறாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கூட வந்தவங்க என்ன பண்ணுவாங்க, ரூம்லயே உக்காந்து சுவத்த பாக்கறதுதான். அவங்களுக்காக புதன்கிழமை மதியம் தனியா வெச்சிருக்கோம், பெங்காலியும் ஹிந்தியும் பேசற தன்னார்வலர் ஒருத்தவங்க இருப்பாங்க. ஒரு நாள் பங்குரா பக்கத்துல இருந்து வந்த அம்மா அரிசிய ஊற வெச்சு அரைச்சு, ஒரு துணித்துண்ட அதுல நனைச்சு விரல் வழியா தரைல அல்பனாங்கற அவங்க ஊர் கோலம் போட்டாங்க, கொடியும் பாதமும் நெல்லுமா. பக்கத்துலயே நம்ம வேலப்பாடி அக்கா மாக்கோலம் போட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்கு தெரியாது, ஆனா மாவு எவ்ளோ கெட்டியா இருக்கணும்னு கையக் காட்டியே பேசிக்கிட்டாங்க. நோயாளிங்களையும் கூட வந்தவங்களையும் போட்டோ எடுக்கக் கூடாதுங்கறது அன்னிக்கு கண்டிப்பான விதி.

பாலாறு, தோல் தொழிற்சாலை இதபத்தியெல்லாம் படம் வெச்சா பிரச்சன வராதா?

வெக்கறோம், வெப்போம். பாலாத்துல தோல் கழிவு கலக்கறத பத்தி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996ல சுப்ரீம் கோர்ட் மாசுபடுத்தறவங்கதான் அதுக்கு செலவு பண்ணணும்னு சொல்லுச்சு, நாடு முழுக்க சுற்றுச்சூழல் வழக்குங்கள்ல இன்னிக்கும் அத எடுத்துக் காட்டறாங்க. இவ்ளோ பெரிய விஷயம் நம்ம வாசல்ல நடந்திருக்கும்போது அத வரையாம வேற எத வரையறது. அதே சமயம் அந்த தோல் ஷெட்ல வேலை பாக்கற குடும்பங்க ஆயிரக்கணக்குல இங்கதான் இருக்காங்க, அவங்க சோறு அதுலதான். அதனால இந்த மாதிரி ஷோ வெச்சா அந்த வேலை பாக்கறவங்கள மொதல்ல கூப்ட்டு காட்டிட்டு, அவங்க சொல்றதையும் பக்கத்துல எழுதி மாட்டுவோம். யாரையும் அசிங்கப்படுத்தற படம், சாதி மதத்த இழிவா காட்டற படம் மட்டும் எடுக்கறதில்ல.

எங்க ஸ்கூல் காம்பவுண்ட் சுவத்துல வரைஞ்சு தருவீங்களா?

விரிஞ்சிபுரம் மதிலழகுன்னு சொல்ற ஊர்க்காரங்க நாம, சுவரு விஷயத்துல நல்லதா பண்ணணும். அரசுப் பள்ளின்னா கலைஞர் கூலிய நாங்க நன்கொடை சேத்து குடுத்துடுவோம், பெயிண்ட் மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணணும். தனியார் பள்ளின்னா ரெண்டுமே நீங்க குடுக்கணும். மொதல்ல சுவத்துல ஈரம் கசியுதான்னு பாருங்க, கசிஞ்சா மழைக்காலம் முடியறதுக்குள்ள உப்பு பூத்து உதிர்ந்துடும். தலைவர் படம் மட்டும்தான் வேணும்னு சொல்லாம பிள்ளைங்க என்ன கேக்கறாங்கன்னு ஒரு நாள் விடுங்க.

வேற உதவித்தொகை, விருது இதெல்லாம் எங்க கேக்கறது?

கலை பண்பாட்டுத் துறைல மாவட்டக் கலை மன்றம் மூலமா வயசு வாரியா விருது குடுக்கறாங்க, 18 வயசு வரைக்கும் கலை இளமணி, 19ல இருந்து 35 கலை வளர்மணி, 36ல இருந்து 50 கலைச் சுடர்மணி, 51ல இருந்து 65 கலை நன்மணி, அதுக்கு மேல கலை முதுமணி. ஓவியம், சிற்பத்துல சாதிச்சவங்களுக்கு கலைச்செம்மல் விருது இருக்கு. பெங்களூர்ல இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலை ஆராய்ச்சிக்கும் புது முயற்சிக்கும் பணம் தர்றாங்க. கொச்சி பினாலேங்கற பெரிய கலைக் கண்காட்சி 2012ல ஆரம்பிச்சது, அதுல மாணவர்களுக்குன்னு தனிப் பகுதியே உண்டு. விண்ணப்பம் எழுத வியாழக்கிழமை வாங்க, கூடவே உக்காந்து எழுதித் தர்றோம். நெறைய பேர் இங்கிலீஷ் ஃபார்ம பாத்தே விட்டுடறாங்க, அந்த ஒரு காரணத்துக்காக ஒருத்தருக்கும் வாய்ப்பு போகக் கூடாதுன்னு நாங்க பிடிவாதமா இருக்கோம்.

உங்களுக்கு பணம் எங்கிருந்து வருது?

விக்கற படத்துல வர்ற 30 சதவீதம், கட்ட முடிஞ்சவங்க கட்டற வகுப்பு ஃபீஸ், வெளி ஆளுங்களுக்கு ஃபிரேம் போட்டுக் குடுக்கறது, மாசா மாசம் கொஞ்சம் அனுப்பற நண்பருங்க. வீட்டுக்கார ஐயா வாடகை ஏத்தாம இருக்கறது பெரிய உதவி. வரவு செலவு நோட்டு வாசல் மேஜை மேல இருக்கும், யாரும் புரட்டிப் பாக்கலாம்.

வாங்கின படத்த வீட்ல எப்படி பாத்துக்கறது?

நம்ம ஊரு வெயிலு தெரிஞ்சதுதான். மேற்கு வெயில் நேரா படற சுவத்துல மாட்டாதீங்க, வாட்டர்கலர் ரெண்டு கோடைலயே வெளுத்துடும். குளியலறைக்கு பின்சுவரும், சமையலறை பக்கமும் வேணாம். ஐப்பசி கார்த்திகை மழைல பேப்பர் படத்துக்கு பூஞ்சை வரும், ஃபிரேம சுவத்தோட ஒட்டாம பின்னாடி ரெண்டு கார்க் துண்டு ஒட்டி கொஞ்சம் காத்து போக விடுங்க. ஈரத்துணியால துடைக்காதீங்க, காஞ்ச மெல்லிசு பிரஷ் போதும். ஏதாவது ஆனா எடுத்துட்டு வாங்க, நம்ம கிட்ட வாங்கினதுன்னா சரி பண்ண காசு இல்ல.

எப்ப வரலாம்?

திங்கள் லீவு. மத்த நாள் காலைல பத்தரைல இருந்து ஒண்ணரை, சாயங்காலம் நாலுல இருந்து எட்டு. படம் காட்ட வர்றவங்க செவ்வாய்க்கிழமை வந்தா நிதானமா பேசலாம். படி கொஞ்சம் செங்குத்து, ஏற முடியாதவங்க கீழ இருந்து போன் பண்ணுங்க, படங்கள எறக்கி திண்ணைல வெச்சுக் காட்டறோம். மழை நாளா இருந்தா உங்க படத்த பாலித்தீன் கவர் போட்டு ரெண்டு அட்டைக்கு நடுவுல கட்டி எடுத்துட்டு வாங்க, சுருட்டாதீங்க.